ஏழு வயது மாப்பிள்ளை

அத்தியாயம் 6

"கல்யாணம் ஆன பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது" என்றார் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துத் திருமதி ஸ்பெக்.

"பிள்ளைக்கு ஏழு வயசு, மேடம்" என்றாள் வெர்னா டக்கெட்.

"வயசுல ஒரு குறையும் இல்ல. பதினெட்டுக்குக் கீழே இருக்கணும், இருக்கான். அப்பா வேலை பார்த்து வரி கட்டியிருக்கணும், கட்டியிருக்கார். அப்பா இறந்திருக்கணும்..." திருமதி ஸ்பெக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற பையனின் அம்மா டார்லாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், அதுவும் ஆயிடுச்சு. ஆனா பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. அங்கேதான் உதைக்குது."

வெர்னாவின் உதவியாளன் ஆர்லோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. "தேனிலவுக்கு எங்கே போனாங்களாம் மேடம்? மணல் குழிக்கா?" என்றான்.

வெர்னா அவன் காலை மிதித்தாள். அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அவன் பேசுவான், அவள் மிதிப்பாள். ஆர்லோ இதற்கு முன்னால் ஒரு சவப்பெட்டிக் கடையில் சவ ஊர்தி ஓட்டிக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு வந்தவர்களைச் சிரிக்க வைத்தான் என்று வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள். டென்னஸியின் டஸ்கெட் ஊரில் அவனைச் சேர்த்துக்கொள்ளத் துணிந்தது வெர்னா ஒருத்திதான். டோனட் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். காணாமல் போன நாய், காணாமல் போன புருஷன் என்று இரண்டே வகை வழக்குதான் அவளிடம் வரும். நாய்கள் வீட்டுக்குத் திரும்பச் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளும்.

இந்த வழக்கு அந்த இரண்டிலும் சேரவில்லை. டார்லா சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். புருஷன் லாரி ஓட்டப் போய், பனியில் வண்டி வழுக்கிச் செத்துப் போனான். அவன் கட்டிய வரிக்கு, அவன் மகன் ஓடிஸுக்கு மாதாமாதம் சமூகப் பாதுகாப்புத் தொகை வரும். வீட்டு வாடகை அதில்தான் ஓடியது. திடீரென்று அது நின்றுவிட்டது. இனி நெப்ராஸ்காவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. பையன் கார் கொட்டகையில், வேட்டை நாய்களோடு படுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் பெரிய மனசோடு சொல்லியிருந்தான்.

"மேடம், அது பொம்மைக் கல்யாணம்" என்றாள் டார்லா. இதை அவள் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. "சர்ச் கூரை ஒழுகுது. நிதி திரட்டறதுக்குச் சின்னப் பசங்களை ஜோடிச்சு, டிக்கெட் போட்டு, ஒரு கல்யாணம் நடத்துவாங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சிகாகோக்காரி. வந்து ஆறு மாசம் ஆகல." திருமதி ஸ்பெக் ஒரு பத்திரிகைத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். "இதைப் படிங்க. 'திரு. ஓடிஸ் ரடில், செல்வி மேபல் டன் திருமணம் ஞாயிறன்று இனிதே நடந்தேறியது. மணமகள் வெள்ளைச் சாட்டினில் ஜொலித்தார். விருந்தில் தேங்காய்க் கேக் பரிமாறப்பட்டது.' இதுல விளையாட்டுன்னு எங்கேயாவது போட்டிருக்கா?"

போடவில்லைதான். ஊர்ப் பத்திரிகை வருஷா வருஷம் இந்தக் கூத்தை நிஜக் கல்யாணம் மாதிரியே எழுதும். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அதுதான் வேடிக்கை. கூடவே படமும் இருந்தது. மணமகள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். ஓடிஸ் பெரிய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக மூடி, வீட்டுக் கடன் வாங்கியவன் முகத்தோடு நின்றான்.

"நீங்க பத்திரிகையைப் பார்த்தா இதைக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் வெர்னா.

"எனக்கு வேற வேலை இல்லியா? ஒரு ஆள் போன் பண்ணிச் சொன்னாங்க. அப்புறம்தான் பத்திரிகையைத் தேடினேன். அச்சு அசலா இருந்துச்சு, ஏத்திட்டேன்."

"யாரு?"

"பேரைக் கேட்கறதுக்குள்ள வெச்சுட்டாங்க. வயசான பொம்பளைன்னு நினைக்கறேன். மெல்லிசா ஒரு குரல். பல்லு இல்லாதவங்க பேசுவாங்களே, வார்த்தைக்கு வார்த்தை விசில் அடிச்சுக்கிட்டு, அப்படி. நானும் விடல. நீங்க நேர்ல பார்த்தீங்களான்னு கேட்டேன். பாஸ்டர் ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ், ஒரு கால்ல நீல சாக்ஸ் போட்டிருந்தார்னு சொன்னாங்க. கேக் வெச்ச மேஜைக்கு அடியில யாரோ ரோஸ் கலர் சூயிங் கம் ஒட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. இவ்வளவு பார்த்தவங்க பொய் சொல்லுவாங்களா?"

"மேடம், நீங்க நிஜமாவே நம்பறீங்களா?" என்றான் ஆர்லோ.

"என் நம்பிக்கையை யாருப்பா கேட்டா? இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில 'கல்யாணம் ஆனவர்'னு ஏறிடுச்சு. ஏத்தறது சுலபம், இறக்கறதுதான் கஷ்டம். பணம் வாங்கற அம்மாவே வந்து விளையாட்டுன்னு சொன்னா நான் எழுத முடியாது. பாஸ்டர் சொன்னாலும் முடியாது, நடத்தி வெச்சதே அவர்தான். விவாகரத்து ஆகணும், இல்ல மணப்பெண் செத்துப் போகணும்..."

"மணப்பெண்ணுக்கு ஆறு வயசு. சளிகூடப் பிடிக்கல" என்றான் ஆர்லோ.

"...இல்ல அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு ஆகணும். அதுவும் இல்லேன்னா போன் பண்ணின ஆளே பண்ணி, நான் சொன்னது தப்புன்னு சொல்லட்டும். இன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள சொன்னா இந்த மாசப் பணம் வந்துடும். நாளைக்குன்னா விசாரணை, மேல் விசாரணைன்னு இழுத்துக்கிட்டே போகும்." திருமதி ஸ்பெக் டார்லாவைப் பார்த்தார். "நானும் பிள்ளை பெத்தவதான்ம்மா. ஆனா பெட்டிக்கு அது தெரியாது."

டார்லா மத்தியான வேலைக்குப் போயாக வேண்டும். அவளைச் சலவை நிலையத்தில் இறக்கிவிட்டு வெர்னா வண்டியைத் திருப்பினாள்.

"பல்லு இல்லாத பொம்பளை" என்றாள்.

"மிஸ் ஜெனீவா" என்றான் ஆர்லோ, யோசிக்காமல்.

சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற மிஸ் ஜெனீவாவின் பல்செட், சென்ற தடவை நடந்த தேவாலயப் பிக்னிக்கில் ஏரிக்குள் விழுந்தது. புதுசு வாங்க மாட்டேன், அது திரும்பி வரும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, டார்லா ஒரு தடவை அவளுடைய மேஜை விரிப்பைச் சலவையில் ஊதாவாக்கித் திருப்பிக் கொடுத்திருந்தாள். ஒரு சின்ன ஊரில் குற்றம் செய்ய இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

மிஸ் ஜெனீவா வாசலிலேயே உட்கார்ந்து, மோரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெர்னா கேள்வியை இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"போனா?" என்றாள் மிஸ் ஜெனீவா. "என் புருஷன் செத்த அன்னிக்கே போனைப் பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம் எனக்கு யார்கிட்ட என்ன பேச்சு?"

"பக்கத்து வீட்டு போன்ல பேசியிருக்கலாமே, மிஸ் ஜெனீவா?" என்றான் ஆர்லோ.

"பக்கத்து வீட்டுக்காரியோடயும் பேச்சு இல்ல."

"சரி, கல்யாணத்துல பாஸ்டர் என்ன சாக்ஸ் போட்டிருந்தார்?"

"ஏண்டா, நான் ஆர்கன் வாசிக்கறவ. சுவத்தைப் பார்த்துதான் உக்காந்திருப்பேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை. பின்னாடி பாஸ்டர் சாக்ஸே போடாம நின்னாலும் எனக்குத் தெரியாது." மிஸ் ஜெனீவா ஸ்பூனை நக்கிக்கொண்டே வெர்னாவை அன்பாகப் பார்த்தாள். "எதுக்குக் கேட்கறே? என் மேல சந்தேகமா?"

"கொஞ்சம்" என்று ஒத்துக்கொண்டாள் வெர்னா.

"நல்லா இரும்மா. இந்த வயசுல என் மேல சந்தேகப்பட ஒரு ஆள் இருக்கே."

வண்டியில் ஏறியதும் ஆர்லோ கையை விரித்தான். "போச்சு பாஸ். ஊர்ல பல்லு இல்லாத மத்தவங்களையெல்லாம் வரிசையா நிக்க வெச்சா, ஞாயிறு பிரார்த்தனைக்கு வர்ற கூட்டத்தைவிட ஜாஸ்தியா இருக்கும்."

"பல்லை விடு. சாக்ஸைப் பிடி" என்றாள் வெர்னா.

சர்ச்சை ஒட்டின கூடத்தில் யாரும் இல்லை. காகிதத் தோரணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு நாலைந்து வாளிகள் வைத்திருந்தார்கள். வெர்னா பார்வையாளர்களுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். கேக் மேஜையைச் சுற்றி வந்தாள். விரிப்பு பாதி வரைக்கும் தொங்கியது. சூயிங் கம் எதுவும் கண்ணில் படவில்லை.

"ஆர்லோ, முட்டி போடு."

"பாஸ், திடீர்னு கேட்டா எப்படி? மோதிரம்கூட வாங்கலியே."

"போடுடா."

இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். கூடம் அப்படியே மாறிப்போனது. நாற்காலிகளின் அடிப்பக்கம் தெரிந்தது. யாரோ தொலைத்த ஒரு காதணி, யாரோ பிடிக்காமல் துப்பிய ஒரு திராட்சை, எல்லாம் தெரிந்தன. மேஜை விரிப்புக்குக் கீழே, பலகையின் அடியில், ரோஸ் கலரில் ஒரு சூயிங் கம் இருந்தது. பக்கத்தில் பச்சையில் இன்னொன்றும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பாஸ்டர் க்விக் உள்ளே வந்தார். தன் கூடத்தில் இரண்டு பேர் மண்டியிட்டிருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆண்டவருக்கு நன்றி! ஆர்லோ, நீயுமா?"

"தப்பா எடுத்துக்காதீங்க பாஸ்டர். வேலை விஷயமா" என்றான் ஆர்லோ. பிறகு கிசுகிசுத்தான். "பாஸ், சாக்ஸ்!"

கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று. நின்று பார்த்தால் பேன்ட் மறைத்துவிடும். இந்த உயரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே இருந்தது.

"எனக்கு நிறம் சரியாத் தெரியாதும்மா" என்றார் பாஸ்டர் வெட்கத்தோடு. "இருபது வருஷமா இப்படித்தான் போட்டுக்கறேன் போலிருக்கு. ஒருத்தரும் சொன்னதில்ல."

"ஏன்னா ஒருத்தரும் இந்த உயரத்துல இல்ல" என்று வெர்னா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "ஆர்லோ, போன் பண்ணின ஆளுக்கு கண்ணு எங்கே இருக்குன்னு புரியுதா?"

"மேஜைக்குக் கீழே. அப்ப போன் பண்ணினது நாயா? நாய்ன்னா நமக்குப் பழக்கம்தான்."

"நாய்க்குப் பல்லு இருக்கும். இந்த ஆளுக்கு முன்பல்லு இல்ல. எந்த வயசுல முன்பல்லு விழும்?"

திருமதி ஸ்பெக்கிடம் கேட்டு வாங்கி வந்திருந்த பத்திரிகைத் துண்டை ஆர்லோ பையிலிருந்து எடுத்தான். கல்யாணப் படத்தில், உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தான். எதற்கு ஒரு பையன் தன் கல்யாணப் படத்தில் வாயைத் திறக்காமல் நிற்கிறான் என்று அவனுக்கு இப்போது புரிந்தது.

"பாஸ்... தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டானா?"

"பாஸ்டர், வருஷா வருஷம் கல்யாணத்துல பாஸ்டர் வேஷம் கட்டறது யாரு?" என்றாள் வெர்னா.

"சின்னப் பசங்கதான். ஒட்டுத் தாடி வெச்சுக்கிட்டு. இந்தத் தடவை அந்தப் பையனுக்கு அம்மை போட்டுடுச்சு. அதனால நானே நின்னு நடத்தி வெச்சேன். ஏன்?"

"நிஜப் பாஸ்டர். நிஜ சர்ச். நிஜ வசனம்" என்றாள் வெர்னா. "அந்தப் பிள்ளைக்கு மட்டும் யாரும் விளையாட்டுன்னு சொல்லல. எங்கே அவன்?"

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளை அம்மாக்கள் வரும்வரை பாஸ்டரின் மனைவி சர்ச் தோட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். ஓடிஸ் படியில் உட்கார்ந்து, வேர்க்கடலை வெண்ணெய் தடவின ரொட்டியை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். பெரிய பாதியை ஊஞ்சலில் இருந்த மேபலிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். மேபல் அந்த வெள்ளைச் சாட்டின் கவுனைக் கல்யாணத்தன்றைக்குப் போட்டவள், கழற்றவே மாட்டேன் என்று ஜீன்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

"ஏன் பெருசை அவகிட்ட கொடுக்கறே?" என்றான் ஆர்லோ.

"பொண்டாட்டிக்குத்தான் பெருசு தரணும்" என்றான் ஓடிஸ். வாயைத் திறந்ததும் முன்னால் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. வார்த்தை அதன் வழியாக விசில் அடித்துக்கொண்டு வந்தது. "எங்கப்பா அப்படித்தான் தருவார்."

வெர்னா அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "ஓடிஸ், உதவித்தொகை ஆபீசுக்கு போன் பண்ணினது நீயா?"

"ஆமா மேடம்." பையன் ஒளிக்கவே இல்லை. "பாஸ்டர் ரூம் போன்லேருந்து. நம்பர் எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. அது தப்பா?"

"ஏன் பண்ணினே?"

"அம்மா சொல்லியிருக்காங்க. நான் ஸ்கூலை விட்டாலோ, வேற வீட்டுக்குப் போனாலோ, கல்யாணம் பண்ணிக்கிட்டாலோ உடனே சொல்லணும். சொல்லாம பணம் வாங்கினா திருட்டு. திருடினா ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அம்மா மறந்துட்டாங்க போலிருக்கு, கல்யாணத்துக்கு வந்துட்டு பேசாம இருந்தாங்க." அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "எனக்கு இருக்கறது ஒரு அம்மாதான் மேடம்."

ஆர்லோவுக்கு நாக்கு நுனியில் ஒரு வேடிக்கை தயாராக இருந்தது. அதை அவன் விழுங்கிக்கொண்டான். சவ ஊர்தி ஓட்டிய காலத்தில்கூட அவன் அப்படி விழுங்கியதில்லை.

சலவை நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்த டார்லா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. உள்ளே வந்து மகனை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஐயோ என் கண்ணே, அது விளையாட்டுடா. மறுபடி போன் பண்ணி, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடு" என்றாள்.

"நான் தப்பா சொல்லலியே அம்மா."

பாஸ்டர் முன்னால் வந்தார். "ஓடிஸ், நான் சொல்றேன் கேளு. அது வெறும் விளையாட்டு."

"நீங்க 'கடவுள் முன்னிலையில'ன்னு சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா..."

"கடவுளும் விளையாடினாரா?"

முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கம் செய்தவர் தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"டேய் மாப்ளே" என்றான் ஆர்லோ. "பேசாம விவாகரத்து பண்ணிடலாம். பெரிய மனுஷங்க தினம் பண்றதுதான்."

"எங்கப்பா கடைசி வரைக்கும் எங்கம்மாவை விடல" என்றான் ஓடிஸ்.

டார்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அலுவலகம் மூட அரை மணி இருந்தால் அதிகம். உலகத்திலேயே யோக்கியமான ஒரு பையன் தன் யோக்கியத்தாலேயே அம்மாவை வீட்டைவிட்டுக் கிளப்பப் போகிறானே என்று ஆர்லோவுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

வெர்னா எதையும் கேட்காதவள் போல ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊஞ்சல் மேலே போகும்போதெல்லாம் கவுனின் கீழ்ப்பகுதி வெயிலில் விரிந்தது. அவள் எழுந்து போய் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேபல், அழகா இருக்கு கவுன். கீழே குறுக்கே ஒரு கோடு தெரியுதே, மடிப்புத் தையலைப் பிரிச்சு விட்டாங்களா?"

"ஆமா. போன வருஷம் நான் குட்டையா இருந்தேன்ல. இப்ப வளர்ந்துட்டேன். அம்மா பிரிச்சு விட்டாங்க."

"போன வருஷம் எதுக்குப் போட்டே?"

"கல்யாணத்துக்கு."

"யார் கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்குத்தான்" என்றாள் மேபல், இதுகூடத் தெரியாதா என்பது போல. "ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற சர்ச்ல. வேட் கூட. அங்கே சாக்லேட் கேக்."

ஓடிஸ் மெதுவாக எழுந்து நின்றான்.

"அந்த வேட் இப்ப எங்கே?" என்றாள் வெர்னா, மிக மிருதுவாக.

"ரெண்டாம் கிளாஸ்ல."

"அவனை விட்டுட்டியா?"

"ஏன் விடணும்? அவனும் என் புருஷன்தான். ஆனா ரொட்டியில பாதி தரமாட்டான். அதான் இவனையும் பண்ணிக்கிட்டேன்."

"அந்தக் கல்யாணத்துல பாஸ்டரா நின்னது..." என்று ஆரம்பித்தான் ஆர்லோ. வெர்னா திரும்பி வந்து அவன் காலை மிதித்த மிதியில் மீதிக் கேள்வி தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

"ஓடிஸ்" என்றாள் வெர்னா. "ஒரு புருஷன் இருக்கும்போது இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டா, ரெண்டாவது கல்யாணம் செல்லாது. நடக்கவே இல்லேன்னு அர்த்தம். இது நான் சொல்றதில்ல, சட்டம். பாஸ்டர், சரிதானே?"

"சர்ச்சிலயும் அதேதான்!" என்றார் பாஸ்டர். இவ்வளவு உற்சாகமாக அவர் ஆமென்கூடச் சொன்னதில்லை.

ஓடிஸ் மேபலைப் பார்த்தான். அவள் அவனுடைய ரொட்டியில் கடைசி வாயை மென்றுகொண்டிருந்தாள். அவன் உதடு லேசாகக் கோணியது. பெரிய மனிதர்கள் இந்த இடத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

"எனக்குத் தெரியாது மேடம். தெரியாம பண்ணினது திருட்டு இல்லதானே?"

"இல்லவே இல்ல."

"அப்ப அவங்ககிட்ட உடனே சொல்லணும்" என்றான் ஓடிஸ்.

பாஸ்டரின் அறையில் அவனை நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். வெர்னா எண்ணைச் சுழற்றினாள். திருமதி ஸ்பெக்கின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கிற அளவுக்குக் கணீரென்று வந்தது.

"மேடம், நான் ஓடிஸ் ரடில். கல்யாணம் ஆச்சுன்னு போன் பண்ணினேனே, அது நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"நீயா?" என்றார் திருமதி ஸ்பெக். "நீயேவா?"

"ஆமா மேடம். ஆனா அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ஒரு புருஷன் இருக்கான். ரெண்டாம் கிளாஸ். எனக்கு இப்பதான் தெரிஞ்சது, உடனே சொல்லிட்டேன்."

"மணப்பெண் இதை ஒத்துக்கறாளா?"

ஆர்லோ மேபலைத் தூக்கி போனருகே பிடித்தான். "ஆமா" என்றாள் மேபல். "தேங்காய்க் கேக்கைவிட சாக்லேட் கேக் நல்லா இருந்துச்சு."

பெட்டியில் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை நின்று, மறுபடி தொடர்ந்தது. டார்லா பாஸ்டரின் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செல்லாத கல்யாணம்னு போட்டுட்டேன்" என்றார் திருமதி ஸ்பெக். "பெட்டி ஏத்துக்கிச்சு. அம்மாகிட்ட சொல்லுப்பா, இந்த மாசப் பணம் வந்துடும். நின்னு போனதும் சேர்ந்து வரும். பதினெட்டு வயசு வரைக்கும் கல்யாணம் வேண்டாம், என்ன? பள்ளிக்கூடம் முடியலேன்னா இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

டார்லா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பாஸ்டரின் மனைவி ஓடி வந்து, எதற்கு என்று தெரியாமலே கூட அழுதாள். ஆர்லோ கையிலிருந்த மேபலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

ஓடிஸ் போனை வைக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். ரெண்டு கல்யாணம் பண்ணினதுக்கு அவளை எதாவது பண்ணுவீங்களா?"

"அவளுக்கு எங்ககிட்டேருந்து பணம் வருதா?"

"இல்ல மேடம். அவங்கப்பா உயிரோட இருக்கார்."

விசைச் சத்தம் நின்றுபோனது.

"அப்ப எங்களுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லப்பா" என்றார் திருமதி ஸ்பெக்.

"கொடுத்து வெச்சவ, மேடம்" என்றான் ஓடிஸ்.